மூன்று நிமிடக் குரல்கள்

நேயர்களே, கவிதையும் கதையும் பேசும் இந்நிகழ்ச்சியில் இசைத்தட்டுக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். வெண்பா எழுதுகிறவனுக்கு நாலடி எப்படியோ, பழைய இசைத்தட்டில் பாடியவர்களுக்கு மூன்று நிமிடம் அப்படி. அதற்குள் அடங்காதது தட்டில் இல்லை. தெல்தோட்டையில் என் வீட்டு அலுமாரியில் இருக்கும் தட்டுகளை அண்மையில் மீண்டும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டபோது இந்த யாப்புத்தான் முதலில் மனத்தில் பட்டது.

நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் அதே அரக்குத்தான். கற்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தி எடுப்பார்கள். கைதவறினால் ஓடுபோல் உடையும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கச்சேரியில் அரைமணி நேரம் ஆலாபனை செய்யும் வித்துவானும் இங்கே சில விநாடிகளில் இராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டுப் பாட்டுக்குள் இறங்கவேண்டும்.

இதில் கைதேர்ந்தவர் என்று நான் கருதுவது செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை. அவர் பாடிய ‘எவரனி’ கீர்த்தனை இன்றும் பேசப்படுவது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகிய குரல் அது, தொடக்கமே உச்சத்தில்தான். கே. பி. சுந்தராம்பாளை அவர் சந்தித்ததும் இருவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதும் நமது நாட்டு மேடையில் என்பதை நம்மவர்களே பலர் மறந்துவிட்டனர். 1933ஆம் ஆண்டு, முப்பது வயதை எட்டுமுன்னே கிட்டப்பா மறைந்தார். அவருடைய நாடக இரவுகளைக் கண்டவர் இன்று எவருமில்லை. மூன்று மூன்று நிமிடங்களாக எஞ்சியிருப்பதுதான் நமக்குக் கிட்டப்பா.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் வைனல் என்னும் பிளாஸ்டிக்கில் நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே சொச்சம் சுற்று. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடலாம். எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் நெடுந்தட்டாக வந்தது. பழைய தட்டில் அதை அடக்குவதென்றால் ஆறேழு தடவை நிறுத்தித் தட்டைப் புரட்டவேண்டி வந்திருக்கும்; விடியற்காலையில் அதைக் கேட்கும் வழக்கம் உண்டாகியே இராது. ஆனாலும், உள்ளதைச் சொல்லவேண்டும், நான் அடிக்கடி தேடிப்போவது அரக்குத் தட்டுகளைத்தான்.

அவற்றில் இரண்டு சிங்களத் தட்டுகள். ஒன்றில் ருக்மணி தேவி பாடுகிறார். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’வின் கதாநாயகி அவர். இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். நமது மலையகத்து றம்பொடையில் 1923இல் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். மற்றதில் மொஹிதீன் பேக். தமிழ்நாட்டுச் சேலத்தில் 1919இல் பிறந்த முஸ்லிம். வெசாக் காலத்தில் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாடல்களை இவர் குரலில் கேளாத சிங்களக் குடும்பம் இராது. மேடையில் பாடுகிறவரின் ஊரையும் பெயரையும் முகத்தையும் சேர்த்தே காண்கிறோம். தட்டு அவற்றையெல்லாம் கழித்துவிட்டுக் குரலை மட்டும் கொடுத்தது. அந்தக் குரலைச் சிங்கள மக்கள் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1983 ஜூலைக்குப் பின் நெடுங்காலம் இந்த இரண்டு தட்டுகளையும் நான் வெளியே எடுக்கவில்லை. பாடுகிறவர்கள் யாரென்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள முதியவர் ஒருவர், “பேக் மாஸ்டர் தட்டு உங்களிடம் இருந்ததே, உடைந்துவிட்டதா?” என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். வாசலிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் போனார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்; நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அந்தத் தட்டு அலுமாரியின் அடியில் இருப்பதில்லை.

லூல்கந்துரையில் 1867இல் தேயிலையைத் தழைக்கவைத்த எங்கள் பகுதி மூடுபனி, இசைத்தட்டுக்கு ஆகாது. பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் பழைய தட்டு வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவேண்டாம். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். பூஞ்சணத்தோடு பாட்டும் போய்விடும். மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால், பள்ளத்தின் போக்கிலே வட்டமாகத் துடையுங்கள். நடுவிலுள்ள தாளில் ஈரம் படக்கூடாது. பாடியவர் பெயர் அதில்தான் இருக்கிறது. உலர்ந்தபின் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.