ஏலக்காட்டுக் குழிவிரியனும் குதிரையின் எதிர்ப்பொருளும்

உடலுக்குள் புதிதாக நுழையும் புரதத்தை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள் தயாரிப்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. பி செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தைப் பற்றக்கூடியவை. வந்த பொருளோடு பொருந்தும் செல் மட்டும் பெருகி, அதே வடிவத்துக்குரிய எதிர்ப்பொருளைச் சுரக்கும். முதல் முறை இதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும். பாம்பு விஷம் அதுவரை காத்திருக்காது. ஆகவே கடிபட்டவருக்கு வேறோர் உடலில் உருவான எதிர்ப்பொருளைக் கடனாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த உடல் குதிரையுடையது. 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெட் காட்டிய வழி இது. இன்று மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறது. அதைக் குதிரைக்கு மிகச் சிறு அளவில் ஏற்றத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவார்கள். எதிர்ப்பொருள் போதிய அளவு சேர்ந்ததும் இரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சுத்திகரித்து, பெரும்பாலும் பொடியாகக் குப்பியில் அடைப்பார்கள். கரைத்த மருந்து 1 மி.லி., நல்ல பாம்பு அல்லது கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மி.கி.யை முறிக்கும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்றால் 0.45 மி.கி. குதிரைப் புரதமும் மனித உடலுக்கு அந்நியம்தானே! மருந்தையே எதிர்த்து உடல் கிளம்புவதுண்டு. அதனால்தான் மருந்து ஏற்றும்போது பக்கத்திலேயே அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும்.

இந்த நான்கு பாம்புகளின் கணக்கு இடுக்கி, பாலக்காட்டு மலைகளில் உதைக்கிறது. குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வேலைக்குப் போகிறவர்கள் நடக்கும் சருகுக்குள், மூக்கு நுனி மேடான குழிவிரியன் ஒன்று கிடக்கும். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி. முழங்கை நீளம்தான், சருகின் நிறம். மிதித்த பிறகே தெரியும். கடித்த இடம் வீங்கும்; சிலருக்கு இரத்தம் உறையாமல் போய், சிறுநீரகமும் பழுதாகும். பல காலம் இதைச் சுருட்டை விரியன் என்றே நினைத்து, குப்பி குப்பியாக மருந்து ஏற்றினார்கள்; பலனில்லை. இதன் கடி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது கேரள நோயாளிகளைக் கொண்டு ஆய்விதழில் உறுதியாக வெளியானது 2007-ல்தான்.

இந்த விஷத்தைக் குதிரை பார்த்ததே இல்லை. அதனால் பொருந்தும் எதிர்ப்பொருள் குப்பியில் கிடையாது. எத்தனை குப்பி ஏற்றினாலும் ஒவ்வாமை அபாயம்தான் கூடும். எனவே பாம்பை அடையாளம் காண்பதே இங்கே பாதி வைத்தியம். மீதி, இரத்தம் உறைகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பதும், சிறுநீர் குறைந்தால் டயாலிசிஸுக்கு அனுப்புவதும்தான்.