செய்தியின் வடிவும் உண்மையும்
வங்கிக் கணிப்பொறிகள் நடத்தும் முதற் சோதனை

ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பெருந்தொகை அனுப்பப்படும்போது பணக்கட்டு இடம் பெயர்வதில்லை. ஒரு செய்தியே செல்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2004 மார்ச் 26-இல் தொடங்கிய ஆர்.டி.ஜி.எஸ். எனப்படும் உடனடிப் பெருந்தொகைத் தீர்வு முறையில், ரூ. 2 லட்சமும் அதற்கு மேற்பட்டதுமான தொகைகள் தனித்தனியே, அவ்வப்போதே தீர்வு செய்யப்படுகின்றன. தீர்வு முடிந்தபின் அது இறுதியானது. அனுப்பியவர் அதனைத் திரும்பப் பெற இயலாது. எனவே, பிழையான செய்தியைத் தீர்வுக்கு முன்னரே தடுத்து நிறுத்துவது இன்றியமையாததாகும்.

இம்முறையின் புதிய அமைப்பு 2013 அக்டோபர் 19 முதல் இயங்கி வருகிறது. ஐ.எஸ்.ஓ. 20022 என்னும் பன்னாட்டுத் தரத்தைத் தழுவிய இதில், செய்திகள் எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதப்படுகின்றன. உறுப்பு வங்கிகள் தத்தம் கணிப்பொறிகளை இணையச் சேவை வாயிலாகவும் இதனுடன் இணைத்துக்கொள்ள வழிசெய்யப்பட்டுள்ளது. 2020 டிசம்பர் 14 முதல் இம்முறை இரவும் பகலும் விடுமுறையின்றிச் செயற்படுகிறது. நள்ளிரவில் வரும் செய்தி ஒவ்வொன்றையும் அலுவலர் ஒருவர் படித்துப் பார்ப்பது இயலாது. அப்பணியின் முதற் பகுதியைச் செய்வதே ஸ்கீமா.

ஸ்கீமா என்பது யாது?

எக்ஸ்.எம்.எல். செய்தியில் ஒவ்வொரு விவரமும் அதன் பெயரைத் தாங்கிய இரு குறிகளுக்கு இடையே அமைந்திருக்கும். திறந்த குறி ஒவ்வொன்றும் முறையாக மூடப்பட்டிருந்தால் செய்தி நன்கமைந்தது எனப்படும். ஆனால் நன்கமைந்த செய்தி அனைத்தும் ஏற்கத்தக்கதாகிவிடாது. தொகை என்ற குறிக்குள் ஒருவரது பெயர் இருப்பினும் அது நன்கமைந்ததே! எந்தெந்த விவரங்கள் இருத்தல் வேண்டும், எந்த வரிசையில், எத்தனை முறை, எவ்வகை மதிப்புடன் என்பதை வரையறுக்கும் விதித் தொகுப்பே ஸ்கீமா. அவ்விதிகளுக்கு உட்பட்ட செய்தியே செல்லத்தக்கது. எக்ஸ்.எம்.எல். தரத்தை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998-ஆம் ஆண்டிலும், ஸ்கீமா தரத்தை 2001-ஆம் ஆண்டிலும் வெளியிட்டது.

அரசு அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பெறும் எழுத்தர் கட்டங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா என்று மட்டுமே பார்ப்பார். விண்ணப்பதாரருக்குத் தகுதி உண்டா என்பதை அதிகாரி முடிவு செய்வார். ஸ்கீமா அந்த எழுத்தரின் இடத்தில் நிற்கிறது.

விதிகள் சில

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐ.எப்.எஸ்.சி. குறியீடு 11 இடங்கள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைச் சுட்டும் எழுத்துகள், ஐந்தாவது பூச்சியம், எஞ்சிய ஆறும் கிளையைச் சுட்டுவன. இதனை ஒரே வரியில் விதியாக எழுதிவிடலாம். பூச்சியத்திற்குப் பதிலாக ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து தட்டச்சாகியிருந்தால் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

கணக்கு எண் வகையில் தனிக் கவனம் தேவை. பெயரளவில் எண்ணாயினும், அதனை எழுத்துச் சரமாகவே வரையறுக்க வேண்டும். எண்ணாக வரையறுத்தால் முன்னால் உள்ள பூச்சியங்கள் மதிப்பிழந்து உதிர்ந்துபோகக்கூடும். தேதியோ ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே வருதல் வேண்டும். 03-04-2025 என்பது மார்ச் மாதமா, ஏப்ரல் மாதமா என்ற ஐயத்திற்கு இதனால் இடமில்லை.

சோதனையின் இடமும் முறையும்

செய்தி தரவுத்தளத்தைத் தொடுவதற்கு முன்னர், சேவையின் வாயிலிலேயே இச்சோதனை நிகழ வேண்டும். பாதி விவரம் பதிவான பின்னர் பிழை வெளிப்பட்டால், பதிந்ததை நீக்குவது தனி வேலையாகிவிடும். ஸ்கீமாவைச் செய்திதோறும் வலைப்பின்னலிலிருந்து பெறாமல், ஒருமுறை ஏற்றி நினைவகத்தில் வைத்துக்கொள்வது விரைவும் பாதுகாப்பும் தரும். செய்தியின் அளவுக்கு உச்சவரம்பு விதிப்பதும், வெளிக் கோப்புகளைச் சுட்டும் குறிப்புகளை ஏற்க மறுப்பதும் தேவை. இல்லையேல் தீய நோக்கத்துடன் புனைந்த செய்தியொன்று, சோதிக்கும் கணிப்பொறியையே முடக்கிவிடலாம்.

செய்தியை மறுக்கும்போது காரணம் தெளிவாகக் கூறப்பட வேண்டும். சோப் எனப்படும் இணையச் சேவை நெறிமுறையின் 1.2 பதிப்பு, பிழை அனுப்புநருடையதா, பெறுநருடையதா என்பதை வேறுபடுத்துகிறது. இது பயனுள்ள வேறுபாடாகும். பெறுநரின் கோளாறு என்றால் அதே செய்தியைச் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம்; அனுப்புநரின் பிழை என்றால் திருத்தாமல் அனுப்புவது வீண். எந்த விவரம் எந்த விதியை மீறியது என்பதையும் சேர்த்துரைத்தால் திருத்தம் விரைவாகும். ஆனால் பெறும் கணிப்பொறி தானே ஊகித்துத் திருத்தலாகாது. ஊகத்தால் மாற்றப்பட்ட கணக்கு எண் வேறொருவருடையதாக இருக்கக்கூடும்.

ஸ்கீமாவின் எல்லை

வடிவில் பிழையற்ற ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டுக்குரிய கிளை இல்லாமலே போகலாம். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், செய்தி ஸ்கீமாவின் எல்லா விதிகளையும் நிறைவு செய்துகொண்டே தவறான கணக்கைச் சென்றடையலாம். பயனாளியின் பெயரை ஒப்பிடாமல், கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு வரவு வைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டிலேயே இசைவளித்திருந்தது. ஆகவே, எண்ணில் நேரும் பிழையின் சுமை அனுப்புபவர் மீதே விழுந்தது. இக்குறையைக் களைய, பணம் அனுப்புமுன் கணக்குக்குரியவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30-இல் வங்கிகளைப் பணித்தது.

இந்நடவடிக்கை ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. வடிவைச் சோதிப்பது ஸ்கீமாவின் கடமை. கிளை உண்டா, கணக்கு நடப்பில் உள்ளதா, இருப்புப் போதுமா என்று ஆராய்வது அடுத்த நிலையில் உள்ள நிரலின் கடமை. பெறுபவர் உரியவர்தானா என்று உறுதி செய்வது அனுப்பும் மனிதரின் கடமை. இம்மூன்றில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஓய்வூதியமோ கல்வி உதவித்தொகையோ கணிப்பொறி வழியே வழங்கும் எந்தத் துறையும், தன் சேவையை வகுக்கும்போதே இம்மூன்றுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்குவது நலம்.