மாடிப்படி ஏறுவதுதான் கஷ்டம்

சம்பளம் போட்ட மறுநாள் காலை பெரட்டுக்குப் போய்ப் பாருங்கள். மண்டோர் பேர் கூப்பிடும் முன்பே யார் யார் வரவில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும். இப்படி வராமல் போனவர்களுக்காக எத்தனையோ விசாரணையில் உட்கார்ந்திருக்கிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதில் கடுமையானது. லீவு கேட்காமல், தக்க காரணமும் இல்லாமல் தொடர்ந்து 2 நாளுக்கு மேல் வராவிட்டால், ஆள் ஒப்பந்தத்தை முறித்துவிட்டான் என்று நிர்வாகம் சொல்லிவிடலாம்.

செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவருக்காக இரண்டு தடவை வாதாடி வேலையை மீட்டுக் கொடுத்தேன். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். மூன்றாவது தடவை அவர் சம்சாரம் வந்து நின்றார். "வேலையை வாங்கிக் கொடுத்தீங்க தம்பி. மனுசனை யாரு வாங்கிக் கொடுப்பா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்தேன். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடியில் விழுந்து எழுந்தவர்கள். நம் நாட்டில் கோலாலம்பூர், பினாங்கு போன்ற நகரங்களில் கூட்டம் நடக்கிறது. கைத்தொலைபேசியில் தேடினால் கிடைக்கும். தேடத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் சொல்லுங்கள், அல்லது அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். நாளும் நேரமும் மாறும் என்பதால் போகும் முன் போன் பண்ணிக் கேட்டுவிட வேண்டும். என்ன மொழியில் பேசுவார்கள், கூடத் துணைக்கு ஆள் வரலாமா என்றும் கேளுங்கள். சில கூட்டம் எல்லாருக்கும் திறந்தது. சிலது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

இடம் கண்டுபிடிப்பது சுலபம். அண்ணனைக் கிளப்பத்தான் இரண்டு மாதம் ஆனது.

"பேரு எழுதிக்குவாங்களா? துரைக்குத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டார். பதிவு கிடையாது. முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "காசு?" கட்டணம் இல்லை. உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், போட்டால் போடலாம். "சர்ச்சிலே நடக்குதாமே, மதம் மாத்திடுவாங்களா?" சில ஊரில் சர்ச் மண்டபத்தில் நடப்பது உண்மைதான், ஆனால் அது இடம் மட்டும்தான். கடவுள் பெயர் அடிபடும். எந்தக் கடவுள் என்பது அவரவர் பாடு. சேருவதற்கு வேண்டியது ஒன்றுதான், குடியை விட வேண்டும் என்ற ஆசை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் தம்பி" என்று கடைசியாக ஒன்று போட்டார். அதற்கு நான் கெடா கதையைச் சொன்னேன். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்த காலம். 1947இல் பீடோங் பக்கம் தொண்டர் படை என்று நம் ஆட்கள் ஒன்றுகூடி, கள்ளுக்கடையை மூடு என்று நின்று, போலீஸிடம் அடி வாங்கினார்கள். குடிக்கு எதிராகக் கூடுவது நமக்குப் புதிதா?

ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வையில் ஆரம்பித்து வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணனையும் முதலில் அங்கேதான் கூட்டிப் போனேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினோம். கூட்டம் ஒரு மேல்மாடியில். கீழே வந்ததும், "நீ போயிட்டு வா, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பக்கத்திலேயே பீர் விற்கும் கடை. கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. நானும் அவரோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து அவராக எழுந்து மேலே போனார்.

வட்டமாக நாற்காலி, ஒரு பக்கம் தேத்தண்ணி. ஒருத்தர் பேச மற்றவர்கள் கேட்டார்கள். இடையில் யாரும் புத்தி சொல்லவில்லை. அவர்கள் பேசியதை நான் எழுத மாட்டேன். அண்ணன் மலாய்மொழியில் இரண்டே வார்த்தை பேசினார், அதையும் எழுத வேண்டாம் என்றார். மற்றதை எழுதச் சம்மதித்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தீபாவளிக்கு மறுபடி குடித்தார். வெட்கப்பட்டு மூன்று வாரம் போகவில்லை. நான்காவது வாரம் போனபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். அதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம்!

வீட்டாருக்கு 'அல்-அனான்' என்று 1951இல் தொடங்கிய தனிக் கூட்டம் இருக்கிறது. குடிப்பவர் வராவிட்டாலும் அவர்கள் போகலாம். டவுனுக்குப் போக வண்டி வசதி இல்லாத தோட்டங்களுக்கு 2020 கோவிட் காலத்தில் பரவிய கைத்தொலைபேசிக் கூட்டம் ஒரு வழி. தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கும் குழுக்கள் உண்டு, விசாரித்துப் பாருங்கள். நேரில் போவதற்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம். அண்ணன் அப்படி நினைக்கவில்லை.

போன வாரம் அவரே என்னைக் கூப்பிட்டார். கீழ் லயத்துப் பையன் ஒருவன் வருகிறேன் என்கிறானாம். "முதல் தடவை தம்பி. படியிலே உட்காருவான். நீ அவசரப்படாதே, நான் பார்த்துக்கிறேன்" என்றார். இந்தச் சனிக்கிழமை மூன்று டிக்கெட்.