உப்பைத் தொடரும் நீர்

வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தையை எங்களிடம் அழைத்து வரும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தண்ணீர் நிறையக் கொடுத்தோமே, பிறகும் ஏன் இப்படித் துவண்டுபோனது?” நியாயமான கேள்விதான். அதற்கான விடை நீரின் வேதியியல் பண்பில் இருக்கிறது.

நீர் மூலக்கூறு ஒன்றில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பால் ஈர்ப்பதால் அப்பக்கம் சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. இதனாலேயே நீர் உப்பின் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு எளிதில் கரைத்துவிடுகிறது. வளர்ந்தவரின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடும், பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ 75 விழுக்காடும் நீரே. எனினும் அது வெறும் நீரன்று. உப்புகள் கரைந்த நீர்.

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால், சற்று நேரத்தில் அவை நீர் விடுவதைக் கண்டிருப்பீர்கள். உயிரணுக்களின் சவ்வைக் கடந்து, கரைபொருள் மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகர்கிறது. இதைச் சவ்வூடு பரவல் என்பர். நம் குடலிலும் இதுவே நிகழ்கிறது: உப்பு செல்லும் பக்கம் நீரும் செல்லும்.

வயிற்றுப்போக்கின்போது நீருடன் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும் வெளியேறுகின்றன. வெறும் நீரை மட்டும் கொடுத்துவந்தால் இழந்த உப்பு ஈடாகாது; இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையவும் கூடும். சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களோ குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் போக்கை மிகுதிப்படுத்தும்.

சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் இணைத்தே உள்ளே எடுத்துச் செல்லும் புரதம் ஒன்று உண்டு. அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. காலராவின்போதும் இவ்வழி அடைபடுவதில்லை. 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலிருந்த அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா கலந்த நீரை நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று நாம் பயன்படுத்தும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் இதே அடிப்படையில் அமைந்ததே.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில், பொட்டலத்தில் குறித்துள்ள அளவுக்கே கரையுங்கள். 1 லிட்டருக்கானதும் 200 மில்லி லிட்டருக்கானதும் கடைகளில் கிடைக்கின்றன; படித்துப் பார்த்த பின்னரே பிரியுங்கள். நீர் குறைந்தால் உப்பு மிகும். கூடினால் பயன் குறையும். கூடுதலாக உப்போ சர்க்கரையோ சேர்க்க வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள்.

சிறு கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்; உணவு உண்ணும் வயதினருக்கு உப்பிட்ட கஞ்சியும் கொடுக்கலாம். குழந்தைகளுக்குத் துத்தநாக மருந்தை மருத்துவர் சொல்லும் நாள்வரை தவறாது கொடுங்கள். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் முதலில் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கண்கள் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, சிறுநீர் மிகவும் குறைதல், குடிக்க இயலாமை, மயக்கம், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம். வரும் வழியிலும் கரண்டியால் புகட்டிக்கொண்டே வாருங்கள். குடிக்க இயலாத அளவுக்கோ மயக்கத்திலோ இருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே கொண்டுவாருங்கள்.