பெயர் ஒன்று, ஆள் இருவர்: எந்த எண்ணைக் கொடுப்பது?

நீங்கள் படித்த தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கு இணையத்தளம் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முனியாண்டி த/பெ ராமன் என்று இருவர் வந்தால்? அடையாள அட்டை எண்ணையே பதிவெண்ணாக வைக்கத் தோன்றும்.

அந்த 12 இலக்கங்களைப் பாருங்கள். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த இடம், பேராக்கிற்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பதிவெண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு குறை: பிறப்புப் பத்திரம் இல்லாததால் அட்டையே கிடைக்காத தோட்டத்து மனிதருக்கு உங்கள் பட்டியலில் இடமே இராது.

1, 2, 3 என்று வரிசையாகக் கொடுக்கலாமா? ஒரே கணினி என்றால் சரி. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் இணைப்பின்றித் தனித்தனியே பதிந்தால், இரண்டிலும் ஒரு 57 வரும்.

இதற்குத்தான் ‘யூயூஐடி’. நீளம் 128 பிட். அதன் 4ஆம் வகையில் 122 பிட்டுகள் குலுக்கல்போல் அமைகின்றன. மொத்த வாய்ப்புகளை எழுத 37 இலக்கங்கள் வேண்டும். எனவே இரு கணினிகள் ஒரே எண்ணைத் தருவது நடைமுறையில் நடக்காது.

ஆனால் ஒருவரே இருமுறை பதிந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்க, படித்த ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் கேட்டு வையுங்கள்.