சிவனொளிபாத மலையின் வண்ணத்துப்பூச்சிகள்

இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் பாதை, ஹற்றன் பக்கத்து நல்லதண்ணிப் பாதையைவிட நீளமும் கடினமும் கொண்டதாயினும், தாழ்நில மழைக்காட்டிலிருந்து 2,243 மீட்டர் உயரச் சிகரம் வரை காடு படிப்படியாக மாறுவதைக் காட்டுவதால், வண்ணத்துப்பூச்சிகளைத் தேடுவோருக்கு அதுவே சிறந்த வழியாகும்.

சூரியோதயம் காண யாத்திரிகர் இரவில் ஏறுவது வழக்கம். எனினும் வெயிலில் உடல் சூடேறிய பின்னரே வண்ணத்துப்பூச்சிகளால் பறக்க இயலுமாதலால், அவற்றை நாடுவோர் பகலில் ஏறுவதே முறை. ஓடைக்கரையின் ஈரமணலில் ஆண் பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து, சுருள் உறிஞ்சுகுழலை நீட்டி, இனப்பெருக்கத்துக்கு வேண்டிய உப்புச்சத்தை உறிஞ்சுவதை அருகிலிருந்தே காணலாம்.

அடிவாரக் காடுகளில் தேடத்தக்கது இலங்கைக்கே உரிய, கரிய முன்னிறகும் பொன்மஞ்சள் பின்னிறகும் கொண்ட பெரிய அழகி வகை வண்ணத்துப்பூச்சியாகும். அதன் புழு ஈசுவரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை நெருங்குவதில்லை. அக்கொடி அழியுமிடத்தில் இந்தப் பூச்சியும் அழியும் என்பது கவலைக்குரியது.

மலையைச் சிங்களத்தில் ‘சமனல கந்த’, அதாவது வண்ணத்துப்பூச்சி மலை, என அழைப்பதும், மார்ச், ஏப்ரலில் கொன்றையிலை தின்று வளர்ந்த மஞ்சள் பூச்சிகள் திரளாக இடம்பெயர்வதும் சேர்ந்து, அவை சிகரத்தில் உயிர்விடச் செல்கின்றன என்ற நம்பிக்கையை வளர்த்துள்ளன.