மார்பில் கட்டி, ஆனால் வலி இல்லை: விட்டுவிடலாமா? பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் எழும் கேள்விகளும் பதில்களும்

குளிக்கும்போது மார்பில் ஏதோ உருண்டையாகக் கையில் தட்டுப்படுகிறது. அமுக்கிப் பார்த்தால் வலி இல்லை. சின்ன வெங்காய அறுவடை நேரம், ஆள் கிடைப்பதில்லை. “அறுவடை முடியட்டும்.” அறுவடை முடிந்தது. “பொண்ணு பரீட்சை முடியட்டும்.” அதுவும் முடிந்தது. “தீபாவளி போகட்டும், பார்த்துக்கலாம்.” இப்படியே ஆறு மாதம் ஓடிவிடும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாட்டின் பல வீடுகளில் மார்பகப் புற்றுநோய் இப்படித்தான் வளர்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர் (5.65 லட்சம் பேர்). பக்கத்து அரியலூரில் 7.54 லட்சம் பேர். இரண்டிலும் 10 பேரில் 8 பேருக்கு மேல் கிராமத்துக்காரர்கள். பிள்ளைகள் படித்து சென்னை, பெங்களூரு, வளைகுடா, சிங்கப்பூர் என்று போய்விட, அம்மாக்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களுக்காக மட்டுமல்ல, ஊரில் இருக்கும் அந்த அம்மாவுக்காகவும் இந்தக் கேள்வி-பதில்.

வலிக்கவே இல்லையே, அப்புறம் என்ன பயம்?

பலரை ஏமாற்றுவது இந்த ஒரு விஷயம்தான். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிடாய்க்கு முன் இரண்டு மார்பிலும் வரும் கனமான வலி, பல நேரங்களில் ஹார்மோன் மாற்றத்தால் வருவது. ஆக, வலித்தால் ஆஸ்பத்திரி, வலிக்காவிட்டால் வீடு என்ற நம் பழக்கம் இந்த நோயில் தலைகீழாகிவிடுகிறது. வலி வரும்வரை காத்திருந்தால், நோய் தோலுக்கோ எலும்புக்கோ போன பிறகுதான் அது தெரியவரும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? இந்தியாவின் 11 பகுதிகளில் 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட 17,331 பெண்களின் நிலையைப் பார்த்த ஆய்வு 2024-ல் வெளியானது. கட்டி மார்பகத்துக்குள் மட்டும் இருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 81% பேர் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அக்குள் நெறிக்கட்டி போன்ற அருகில் உள்ள இடங்களுக்குப் பரவியிருந்தால் 65.5%. உடலின் வேறு உறுப்புகளுக்குப் போயிருந்தால் வெறும் 18.3%. நோய் ஒன்றுதான். எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதுதான் வேறு.

கட்டின்னாலே கேன்சரா?

இல்லை. மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. 20, 25 வயதில் வரும், விரலுக்குப் பிடிபடாமல் நழுவி ஓடும் கட்டி பெரும்பாலும் நார்க்கட்டியாக இருக்கும். நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதற்குள் உங்கள் கட்டி அடங்குமா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து யாராலும் முடிவு சொல்ல முடியாது. டாக்டராலும் முடியாது.

அதனால்தான் மூன்று கட்டமாகப் பார்க்கிறார்கள். முதலில் மருத்துவர் கையால் பரிசோதிப்பார். அடுத்து ஸ்கேன் அல்லது மேமோகிராம். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஊசி மூலம் துளி சதை எடுத்துப் பரிசோதனை. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதியாக இருக்கலாம்.

கட்டியைத் தவிர வேற என்ன கவனிக்கணும்?

மார்புத் தோலில் குழி விழுவது, ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு, காம்பில் ஆறாத புண், அக்குளில் கட்டி, ஒரு மார்பின் அளவோ வடிவமோ திடீரென மாறுவது. இவற்றில் எது தெரிந்தாலும் காட்டிவிட வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மார்பு சிவந்து வீங்கினால் “பால் கட்டிக்கிச்சு” என்று பத்துப் போடுவது ஊர் வழக்கம். பெரும்பாலும் அது பால் கட்டுதான். ஆனால் மருந்து சாப்பிட்டும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால், அதே பத்தை இன்னும் ஒரு மாதம் போடாதீர்கள். ஸ்கேன் கேளுங்கள்.

எங்க வீட்டுல யாருக்கும் இல்லையே, எனக்கு எப்படி வரும்?

வரலாம். பெற்றோரிடமிருந்து நேரடியாக மரபணு வழியாக வருவது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்திருக்காது. அம்மா, அக்கா, சித்திக்கு இளம் வயதிலேயே மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்பது அதைப் பொறுத்து மாறும்.

வயது ஏற ஏற ஆபத்து கூடும். என்றாலும் மேலை நாடுகளைவிட சுமார் 10 ஆண்டு முன்பாகவே, 40-களிலும் 50-களிலும் இந்தியப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு கூடும் உடல் எடை, மது, உடலுழைப்புக் குறைவு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பால் கொடுப்பது ஓரளவு குறைக்கும். அதற்காக, மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்தவருக்கு வரவே வராது என்று நினைக்கக் கூடாது. இறுக்கமான உள்ளாடை போட்டதால் வராது. அடிபட்டதாலும் வராது. அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். ஒட்டுவாரொட்டியும் கிடையாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம்.

ஆண்களுக்கும் அரிதாக வரும். மார்பகப் புற்றுநோயாளிகள் 100 பேரில் ஒருவர் ஆணாக இருக்கலாம். அப்பா மார்பில் கட்டி என்றாலும் அலட்சியம் வேண்டாம்.

ஊசி குத்தினா, கத்தி வச்சா பரவிடுமாமே?

டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் அதிகம் சுற்றும் பேச்சு இது. உண்மை இல்லை. ஊசிப் பரிசோதனையால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து வந்துவிடாது. அந்தப் பரிசோதனை இல்லாமல் சரியான சிகிச்சையையே தொடங்க முடியாது. கட்டியில் ஹார்மோன் ஏற்பிகள் இருக்கின்றனவா, ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்களில் இறந்திருக்கலாம். ஊர் கண்ணுக்குத் தெரிந்தது கத்திதான். அதற்கு முன்னால் காத்திருந்த ஒன்றரை வருடம் தெரியவில்லை.

மார்பையே எடுத்துடுவாங்களா?

எல்லோருக்கும் இல்லை. கட்டி சிறியதாக இருக்கும்போதே வந்தால், கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு கொடுக்கும் முறை பலருக்குப் பொருந்தும். இப்படிச் செய்தவர்களும் முழு மார்பகத்தையும் எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர் பிழைத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002-ல் காட்டிவிட்டன. மார்பை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தள்ளிப்போட்டால், கடைசியில் எடுத்தே ஆகவேண்டிய நிலைதான் வரும்.

கீமோவில் முடி கொட்டும், திரும்ப வளரும். சிலருக்குக் கீமோ தேவைப்படாமலும் போகலாம். ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், “நல்லாத்தானே இருக்கேன்” என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிடக் கூடாது. குறைந்தது 5 ஆண்டுகள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

மாசா மாசம் நானே பார்த்துக்கிட்டா போதாதா?

உங்கள் உடல் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. சீனாவின் ஷாங்காயில் 2.66 லட்சம் ஜவுளித் தொழிலாளிப் பெண்களிடம் நடந்த ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை என்று 2002-ல் தெரிந்தது.

அதற்கு மாறாக, மும்பையில் டாடா நினைவு மையம் 1998-ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வு நம் ஊருக்கு நெருக்கமானது. அங்கே பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். மேமோகிராம் இல்லை, கையால் மட்டும் பரிசோதனை. 35 முதல் 64 வயது வரை சுமார் 1.5 லட்சம் பெண்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் முந்தைய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30% குறைந்தது. 50 வயதுக்குக் கீழே அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. பெரிய இயந்திரம் இல்லாத ஊரிலும், பழகிய கைகள் உயிரைக் காப்பாற்றும் என்பதுதான் இதன் பொருள்.

சரி, எங்க போகணும்?

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே தொற்றா நோய்ப் பிரிவில் மார்பகப் பரிசோதனை உண்டு. சர்க்கரை, பிரஷர் பார்க்கப் போகும் அதே இடம்தான். ஆனால் நர்ஸ் கேட்காவிட்டால் நம்மவர்கள் சொல்வதில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 6 பேர்கூட இல்லை. இந்திய சராசரி 1%-ஐக்கூடத் தொடவில்லை.

கட்டி இருந்தால் சுகாதார நிலையத்தோடு நிற்க வேண்டாம். பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை, அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்து தேவையைப் பொறுத்து திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவையும் உள்ளன. சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

செலவுக்கு எங்க போறது?

அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். நோய் வந்த பிறகு ஓடாமல், இந்த முறை ஊருக்குப் போகும்போதே அம்மாவின் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீடு தராத செலவுகளும் உண்டு. பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று வாரமோ அதற்கு மேலோ போகவேண்டி வரும். பஸ் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு, மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்ற கவலை, இவைதான் பலரைப் பாதியில் நிறுத்துகின்றன. அரியலூர் வழியாகச் செல்லும் சென்னை - திருச்சி ரயில்களில் புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவருக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் பெற வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஆபரேஷன் அன்று மட்டும் வந்து நிற்பதைவிட, இந்த மூன்று வாரத்துக்கு ஏற்பாடு செய்வது பெரிய உதவி.

அம்மாகிட்ட இதை எப்படிக் கேட்கிறது?

நேராகவே கேளுங்கள். “ஏம்மா, மார்புல எங்கயாச்சும் கட்டி மாதிரி தட்டுப்படுதா?” மகனாக இருந்து கூச்சமாக இருந்தால் அக்காவிடமோ மனைவியிடமோ சொல்லிக் கேட்கலாம். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ சாப்பிட்டியா?” என்றுதான் முதலில் பதில் வரும். அதோடு போனை வைத்துவிடாதீர்கள். “கடைசியா எப்ப காட்டுன?” என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மாதவிடாய் இன்னும் வருபவர் என்றால், ஒரு சுழற்சி முடிந்தும் கரையாத கட்டி. மாதவிடாய் நின்றவர் என்றால், எந்தப் புதுக் கட்டியும். இரண்டு வாரத்துக்குள் காட்ட வேண்டும். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் பிடித்து ஓடவேண்டிய அவசரம் இல்லை. அறுவடை முடியும்வரை காத்திருக்கலாம் என்ற அவகாசமும் இல்லை.